சுடாதவனுக்கு ஒரு பரிந்துரை

ராணுவத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்தவன் நான். அந்த இருபத்தெட்டு வருடமும் நான் சுட்டதெல்லாம் பயிற்சி மைதானத்து மண்மேட்டைத்தான். மண்மேடு ஒரு தடவைகூடத் திருப்பிச் சுடவில்லை. அதனால்தான் இன்று தில்லி மோதி பாக்கில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுத முடிகிறது.

ஊருக்குப் போனால் ‘மிலிட்டரி’ என்று மட்டும் சொல்லிக்கொள்வேன். “எந்த பார்டர்ல இருந்தீங்க?” என்று யாராவது கேட்டால், “அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாது” என்று குரலைத் தாழ்த்துவேன். உண்மையில் நான் அதிக காலம் காத்த எல்லை, தில்லி அலுவலகத்தில் எங்கள் பிரிவுக்கும் பக்கத்துப் பிரிவுக்கும் நடுவில் நின்ற இரும்பு அலமாரி. அதன் இரண்டு பக்கமும் ஊடுருவல் இருந்தது. பெரும்பாலும் ஸ்டேப்ளருக்காக.

புதிதாகக் கிளார்க் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு விதிகளைச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். எந்தப் படிவத்தை எத்தனை பிரதி எடுப்பது என்பதும் தானாக வந்துவிடும். நான் சொல்ல வந்தது, என் பேனா ஒரு சிப்பாயைக் கிட்டத்தட்ட அழித்துவிட்ட கதை. எதிரி செய்யாததை நான் எட்டு வரியைத் திருத்திச் செய்யப் பார்த்தேன்.

அப்போது நான் சுபேதார், தலைமைக் கிளார்க். வீரச்செயல்களுக்கான விருதுப் பரிந்துரைகள் படைப்பிரிவுகளிலிருந்து எங்களிடம் வரும். இணைப்புகள் சரியாக இருக்கின்றனவா, சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, மொழியைக் கொஞ்சம் திருத்தி மேலே அனுப்புவது எங்கள் வேலை. ‘கொஞ்சம் திருத்தி’ என்ற இடத்தில்தான் நான் என் ராஜ்ஜியத்தை அமைத்துக்கொண்டேன்.

என்னிடம் பன்னிரண்டு சொற்றொடர்கள் இருந்தன. ‘தன் உயிரைத் துச்சமாக மதித்து’, ‘குண்டு மழைக்கு நடுவே’, ‘சிங்கம்போல் பாய்ந்து’ என்று ஆங்கிலத்தில் ஒரு டஜன். யாருடைய வீரச்செயல் வந்தாலும் இந்தப் பன்னிரண்டில் ஏழெட்டைப் போட்டுக் கிளறி இறக்குவேன். மேலே இருந்து ஒருவர் ஒருமுறை “நன்றாக எழுதப்பட்டிருக்கிறது” என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டார். அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பக்கத்தைப் போட்டோகாபி எடுத்து வீட்டில் காட்டினேன். “ரகசிய ஃபைலை எதுக்கு வீட்டுக்குக் கொண்டு வர்றீங்க?” என்று என் மனைவி கேட்டாள். எங்கள் வீட்டில் பாதுகாப்பு உணர்வு உள்ளவள் அவள்தான்.

ஒரு ஜனவரியில் சிப்பாய் மாதையன் என்பவனுடைய பரிந்துரை வந்தது. தருமபுரிப் பக்கத்துப் பையன், வயது இருபத்திரண்டு. அவனுடைய படைப்பிரிவு எழுதியிருந்தது மொத்தம் எட்டு வரி. மலைச்சரிவில் காலை ரோந்தில் போனபோது எதிரிகள் சுட்டதில் ஒரு லான்ஸ் நாயக்குக்கு, சிப்பாய்க்கு அடுத்த படி அது, தொடையில் காயம். அவரை இழுத்துக்கொண்டு மாதையன் ஒரு ஓடைப் பள்ளத்தில் படுத்தான். தலைக்கு மேலே பாறையில் ஐந்து எதிரிகள். காலை ஏழு மணியிலிருந்து மாலை நாலரை வரை அவன் அசையவும் இல்லை, சுடவும் இல்லை. காயம்பட்டவர் உயிர் பிழைத்தார். மாதையனின் இரண்டு காலிலும் விரல்கள் பனியில் கருகிப்போயின.

படித்துவிட்டு எனக்கு எரிச்சல் வந்தது. வீரம் எங்கே? பையன் படுத்துக்கிடந்திருக்கிறான். படுத்துக்கிடந்ததற்குப் பதக்கம் என்றால் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்குக் கொடுக்கலாமே.

பாவம், படைப்பிரிவில் எழுதத் தெரிந்த ஆள் இல்லை என்று முடிவு செய்து நானே களத்தில் இறங்கினேன். என் பேனாவில் மாதையன் எழுந்தான். உயிரைத் துச்சமாக மதித்தான். குண்டு மழை பொழிந்தான். காயம்பட்டவரைத் தோளில் சுமந்துகொண்டு எதிரிகளை நோக்கிப் பாய்ந்தான். ஆளைச் சுமந்தபடி எந்தக் கையால் சுட்டான் என்ற கேள்வி எனக்கு எழவில்லை. இலக்கியத்தில் அதெல்லாம் பார்க்கக் கூடாது.

விருதுப் பட்டியல் மறுநாள் காலை மேலே போயாக வேண்டும். நேரில் பார்த்த சாட்சி, மாதையன் இருந்த கம்பெனியில், அதாவது அவன் படை அணியில், ரோந்துக்குத் தலைமை தாங்கிய ஹவில்தார். மாதையனைத் தில்லி ராணுவ மருத்துவமனைக்குக் கூட்டிவந்திருந்ததால் அவரும் தில்லியில்தான் இருந்தார். புதிய வடிவத்தில் அவர் கையெழுத்தை மத்தியானம் வாங்கிக்கொள்ளலாம் என்று, ஃபைலைக் காலையிலேயே எங்கள் அதிகாரி கர்னலின் மேசைக்கு அனுப்பிவிட்டேன். ஒரு பிரதியை மட்டும் கையெழுத்துக்காக வைத்துக்கொண்டேன்.

ஹவில்தார் பன்னிரண்டரைக்கு வந்தார். சிவகங்கைக்காரர். நாலு முறை முன்வரிசை நிலைகளில் இருந்தவர், அதில் மூன்று முறை உண்மையான சண்டை. நான் எதிர்பார்த்தது முறுக்கு மீசையும் இடிக்குரலும். வந்தவர் மருந்துக் கடையில் சீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்போல இருந்தார். பேசும்போது நாம் அவர் பக்கம் சாய வேண்டும், அவ்வளவு மெல்லிய குரல்.

தாளை அவர் முன்னால் வைத்து, ஆங்கிலத்தைத் தமிழில் ஏற்றி இறக்கிப் படித்துக் காட்டினேன். ‘சிங்கம்போல்’ வந்தபோது லேசாகக் கையையும் வீசினேன். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

“இவன் யாரு சாப்?” என்றார்.

“மாதையன்தான்.”

“நல்ல ஆளாத்தான் இருக்கான். ஆனா எங்க கம்பெனியில இல்லையே.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“கொஞ்சம் மெருகு போட்டிருக்கேன் ஹவில்தார். மேல இருக்கறவங்க படிக்கணும் இல்லையா? பையன் படுத்திருந்தான், சுடலைன்னு எழுதினா யாரு மதிப்பாங்க?”

“நடந்தது அதான் சாப்.”

“நடந்ததுன்னு ஒண்ணு இருக்கட்டும். எழுத்துன்னு ஒண்ணு இருக்கில்ல? ஒண்ணுமே செய்யாததை எப்படி எழுதறது?”

அவர் தாளை என் பக்கம் மெல்ல நகர்த்தினார். “அவன் ஒண்ணும் செய்யலைன்னுதான் கம்பெனியில பசங்களும் சொல்றாய்ங்க. எடுத்துட்டுப் போன தோட்டா பூராத்தையும் அப்படியே கொண்டாந்து ஒப்படைச்சான்னு ‘ஸ்டோர் கீப்பர்’னு பேரு வெச்சிருக்காய்ங்க. ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, ‘என்னடா ஸ்டோர் கீப்பர், ஸ்டாக்கு சரியா இருக்கா’ன்னு கேக்குறாய்ங்க. இவன் இப்ப போனையே எடுக்குறதில்ல. காலு போச்சேன்னு ஒரு நா அழுகல சாப். ராத்திரி முழிச்சுக்கிட்டு, ‘அண்ணே, நான் சுட்டிருக்கணுமோ’ன்னு என்னையக் கேக்குறான்.”

“அதுக்குத்தான் சொல்றேன். நான் எழுதினதைப் படிச்சா அந்தப் பேரு போயிடும்ல?”

“பேரு போகும். அப்புறம் அவன் தனியா இருக்கறப்ப? தான் சுட்டிருக்கணும்னு இந்தத் தாளே சொல்லிப்புடுமே. சுடாததுதான் சாப் சரி. அது எழுத்துல வேணும். இல்லாட்டி நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

மணி ஒன்று. எனக்குப் பசி. பசியில் நான் அதிகம் வாதாடுவதில்லை. டிபன் பையை எடுத்துக்கொண்டு அவரையும் அழைத்துக்கொண்டு புல்வெளிக்குப் போனேன்.

தில்லியில் வேலை பார்க்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜனவரி மத்தியானத்தில் அரசாங்கம் புல்வெளியில்தான் நடக்கும். கிளார்க்குகள், டைப்பிஸ்டுகள், ஸ்வெட்டர் பின்னும் பெண்கள், வேர்க்கடலைத் தோல், ஆரஞ்சுத் தோல். அந்த வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால்தான் பிற்பகலில் கையெழுத்தே வரும். அங்கே உட்கார்ந்து, புளியோதரையில் பாதியை ஹவில்தாருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

“எனக்கு ஒண்ணுதான் புரியல. சும்மா படுத்திருக்கறது அவ்வளவு கஷ்டமா?”

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். “ஒரு பத்து நிமிஷம் படுக்குறீங்களா சாப்?”

“எங்க?”

“அந்தச் செடி ஓரத்துல. குப்புற.”

நான் சுபேதார். கோட்டுக்குள் மனைவி பின்னிய ஸ்வெட்டர். சுற்றிலும் என்னிடம் விடுப்பு விண்ணப்பம் கொடுக்கும் ஜனங்கள். ஆனால் முன்வரிசை ஆள் ஒருவர் சவால் விடும்போது இரும்பு அலமாரி காத்தவன் பின்வாங்கலாமா? படுத்தேன்.

டிபன் பையை அவர் என் நெஞ்சுக்குக் கீழே தள்ளினார். “இதுதான் அடிபட்டவரு. ஒரு கையால வாயைப் பொத்திக்கங்க, முனகினா மேல இருக்கறவனுக்குக் கேட்டுரும். இன்னொரு கையால தொடையை அமுக்கிக்கங்க, விட்டா ரத்தம் போயிரும். மேல பாறையில ஆளு நிக்கிறான். அவன் பூட்ஸுல இருந்து உதுர்ற மண்ணு உங்க கழுத்துல விழுகுது. இப்ப இருங்க.”

இருந்தேன். முதலில் ஒரு எறும்பு சட்டைக் காலருக்குள் போனது. அது போகட்டும் என்று விட்டால், தன் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியது. புல்லின் ஈரம் ஸ்வெட்டரைத் தாண்டி வந்தது. மூக்கில் அரிப்பு. புளியோதரை வாசனை பிடித்த நாய் ஒன்று வந்து, காயம்பட்டவரை முகர்ந்து பார்த்துவிட்டு என் காதை நக்கியது. “ஹட்” என்றேன். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எழுந்து வந்து, சுபேதார் சாபுக்கு என்ன ஆச்சு, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று இந்தியில் கேட்டார். “டிரெயினிங்” என்றார் ஹவில்தார். “இந்த வயசிலா?” என்றார் அந்த அம்மா. “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று தரையிலிருந்தபடியே பதில் சொன்னேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும் என்ற திருப்தியோடு எழுந்தேன்.

ஹவில்தார் கைக்கடிகாரத்தைக் காட்டினார். “நாலு நிமிஷம்கூட ஆகல சாப். ஆறு தடவ அசைஞ்சீங்க. ரெண்டு தடவ பேசுனீங்க. வாயைப் பொத்துன கையை எடுத்து மூக்கைச் சொறிஞ்சீங்க, அப்பவே அடிபட்டவரு முனகிட்டாரு. மொத்தம் மூணு பேரு காலி.”

“மூணாவது யாரு?”

“எதிர்ச் சரிவுல நான் படுத்திருந்தேன்ல. உங்களைக் காப்பாத்த எந்திரிச்சிருப்பேன்.”

நான் புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கீழே பார்த்தபடியே பேசினார். “சுடுறது லேசு சாப். பயம் வந்தா கை தானா சுடும். புதுசா வர்ற எல்லாரும் அப்படித்தேன். என் முதல் சண்டையில நானும் சுட்டேன். எதைப் பாத்துச் சுட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நாங்க இருந்த இடம் அவனுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு. பக்கத்துல இருந்தவரு பேரு இப்ப எங்க கம்பெனியில உயிர் விட்டவங்க போர்டுல இருக்கு. அதுல இருந்து கத்துக்க எனக்குப் பல வருசம் ஆச்சு. இந்தப் பய முதல் தடவையே செஞ்சுட்டான். ஒம்பதரை மணி நேரம். நான் பைனாகுலர்ல பாத்துக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் பனிமூட்டம் இறங்குனப்புறம்தான் போய்த் தூக்க முடிஞ்சது. கையைப் பிரிச்சு எடுக்க ரெண்டு ஆளு வேண்டியிருந்துச்சு சாப்.”

 ஃபைலைத் திரும்ப வாங்கி, பழைய எட்டு வரியை வைத்துவிடலாம் என்று அவசரமாக மாடி ஏறினேன். படியிலேயே பியூன் எதிரே வந்தான். கர்னல் கூப்பிடுகிறார்.

எங்கள் கர்னலுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃபைலைப் பின்பக்கத்திலிருந்து படிப்பார். முதலில் இணைப்புகள், கடைசியில்தான் முதல் பக்கம். முன்பக்கத்தில் ஆசைகள் இருக்கும், பின்பக்கத்தில் நடந்தது இருக்கும் என்பார். எட்டு வருடம் அவரிடம் வேலை பார்த்தும் இதை நான் ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தேன்.

“படே பாபு,” என்று இந்தியில் ஆரம்பித்தார். தலைமைக் கிளார்க்கை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அவர் சொன்னதை நம் மொழியில் தருகிறேன். “முன்பக்கத்துல இந்தப் பையன் குண்டு மழை பொழிஞ்சிருக்கான். பின்பக்கத்துல தோட்டாக் கணக்கு இருக்கு. நூறு ரவுண்டு எடுத்துட்டுப் போயிருக்கான். நூறையும் திருப்பிக் குடுத்திருக்கான். மழை எங்கேருந்து வந்துச்சு?”

தம்பிகளே, ஸ்டேப்ளர் காணாமல் போனால்கூடப் பதிவேட்டைப் புரட்டுகிறவன் நான். அந்தத் தோட்டாக் கணக்கை என் கையாலேயே ஃபைலில் கோத்து, நூலும் கட்டியிருந்தேன். கட்டும்போது படிக்கவில்லை. முன்பக்கத்து இலக்கியத்தில் மயங்கியிருந்தேன்.

கர்னல் பேனாவை எடுத்தார். “பொய்ப் பரிந்துரை. படைப்பிரிவுக்குத் திருப்பி அனுப்பி விசாரிக்கச் சொல்றேன். பையனும் இதுல கூட்டா இருக்கணும்.”

அந்தப் பேனா தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் இருந்தது. இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சுடாததற்காகக் கோழை என்று பெயர் வாங்கியவன், இனிமேல் சுட்டதாகப் பொய் சொன்னவன் என்றும் பெயர் வாங்குவான். கருகின காலோடு இரண்டையும் சுமந்துகொண்டு ஊருக்குப் போவான்.

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்ததையும் மறைக்கக் கூடாது. ‘தோட்டாக் கணக்கில் தட்டச்சுப் பிழை சாப், படைப்பிரிவுக்குப் போன் செய்து சரியானதை வரவழைக்கிறேன்’ என்று சொல்லிவிடலாம். அங்கே உள்ள கிளார்க் எனக்குத் தெரிந்தவன். அரை மணியில் ஒரு பூஜ்யம் குறைந்த தாள் வந்துவிடும். என் தோல் தப்பும். வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

மனசாட்சி தடுத்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் ஹவில்தார் உட்கார்ந்திருந்தார். என்னை முறைக்கவில்லை, நான் பேசுவதைக் கவனிக்கக்கூட இல்லை. என் கோட்டு முழங்கையில் ஒட்டிக்கொண்டு வந்த புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதரை மணி நேரம் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தவனுக்காக என்னால் ஒரே ஒரு பொய்க்கு வாயைப் பொத்த முடியாதா என்று வெட்கமாகிவிட்டது.

“நான் எழுதினது சாப்,” என்றேன். “படைப்பிரிவு எட்டு வரி அனுப்பிச்சாங்க. அதுல சுட்டான்னு இல்ல. மழையெல்லாம் என்னோடது.”

“எதுக்கு?”

“நல்லா இருக்கும்னு.”

கர்னல் பேனாவை மூடி வைத்தார். “அந்த எட்டு வரி எங்க?”

சிவப்பு மையால் நான் குத்திக் குதறிய மூலத்தாள் என் மேசையில் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். படித்தார். இன்னொரு முறை படித்தார். வெளியே இருந்த ஹவில்தாரைக் கூப்பிட்டார்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன் சாப்.”

“நீ ஏன் சுடல?”

“சுட்டிருந்தா அவன் திருப்பிச் சுட்டிருப்பான் சாப். இவங்க ரெண்டு பேரும் நடுவுல.”

கர்னல் தலையை ஆட்டினார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவரும் மலையில் இருந்தவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “இந்த எட்டு வரியை அப்படியே டைப் பண்ணு. பண்ணும்போது உனக்கு ஏதாவது தோணினா, எழுந்து போய்த் தண்ணி குடி. பையன்கிட்ட படிச்சுக் காட்டி, சரின்னு சொல்றானான்னு கேளு. சாட்சிக் கையெழுத்தோட ஆறு மணிக்கு என் மேசையில இருக்கணும்.”

டைப் செய்து முடிப்பதற்குள் நான் மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தேன்.

மூன்றேகாலுக்கு ஆட்டோ பிடித்தோம். மாதையனுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை என்று ஹவில்தார் சொல்லியிருந்ததால் நம் ஊர்ச் சாமான் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி நார்த்தங்காய் ஊறுகாய் வாங்கினேன். “பையா, ஜல்தி”, அண்ணே சீக்கிரம், என்று கடைக்காரரை விரட்டினேன். ஒரு பாட்டில் போதும், மூன்று வாங்கினேன். குற்ற உணர்ச்சியில் இருப்பவன் அளவாக வாங்க மாட்டான்.

வார்டில் மாதையன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காலுக்கு மேலே போர்வை கூடாரம்போல் நிறுத்தப்பட்டிருந்தது. மெலிந்த முகம். என் தோள்பட்டையில் இருந்த பதவிச் சின்னத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காரப் பார்த்தான்.

“சாஞ்சுக்கோ, சாஞ்சுக்கோ. நான் வெறும் கிளார்க்குதான்,” என்றேன். முதல் தடவையாக அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்தாமல் சொன்னேன்.

ஊறுகாய் பாட்டில்களைக் கட்டிலில் அவன் கைப்பக்கம் வைத்துவிட்டு, எட்டு வரியையும் தமிழில் படித்துக் காட்டினேன். கையை வீசவில்லை. ‘சுடவில்லை’ என்ற இடத்தில் அவன் என் வாயையே பார்த்தான்.

“இங்கிலீஷ்லயும் அப்படியே இருக்குங்களா சாப்? சுடலைன்னு?”

“அப்படியேதான் இருக்கு.”

“பயந்துன்னு எங்கயாச்சும் இருக்குங்களா?”

“இல்ல.”

“இன்னொரு தடவ படிங்க சாப்.”

படித்தேன். பக்கத்துக் கட்டில்காரர், ஒரு பஞ்சாபி நாயக், மொபைலில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார். மொழி புரியாவிட்டாலும் ஏதோ நடக்கிறது என்று தெரிந்திருக்கும்.  நான் முடித்ததும் மாதையன், “ஒரு தப்பு இருக்குதுங்க சாப்” என்றான்.

தாளை அவசரமாகக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தேன். “எந்த எழுத்துல?”

“எழுத்துல இல்லீங்க. அசையவே இல்லைன்னு போட்டிருக்குது. நான் ஒரு தடவ அசைஞ்சேன்.”

ஹவில்தார் நிமிர்ந்தார்.

“மத்தியானம் இருக்கும்ங்க. மேல இருந்த ஆளு உக்காந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கிட்டு இருந்தான். முதுகு இந்தப் பக்கம். சின்னப் பையனே சுட்டிருவான், அவ்வளவு கிட்ட. தொடையை அமுக்கியிருந்த கையை எடுத்து, ரைஃபிள் சேஃப்டியத் தள்ளிட்டேன். சத்தம் வராம, ரெண்டு விரலால. அப்ப இந்தக் கையில…” வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். “லான்ஸ் நாயக் மூச்சு சூடா பட்டுது. திரும்ப சேஃப்டியப் போட்டுட்டு, தொடை மேல கையை வெச்சுட்டேன். அதுக்குள்ள நிறைய ரத்தம் போயிடுச்சுங்க.”



“அது யாருக்கும் தெரியாதே மாதையா,” என்றேன். பழைய புத்தி எங்கே போகும்? “எதுக்கு எழுதணும்?”

“எனக்குத் தெரியுதுங்களே சாப். அதை எழுதினா பதக்கம் போயிடுங்களா?”

“தெரியாது” என்றேன். அன்று நான் மெருகு போடாமல் சொன்ன இரண்டாவது உண்மை அது. பதக்கம் போகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிப் பத்திக்குத் தாவிவிடுவீர்கள். ஆனால் அன்று அந்தக் கட்டிலைச் சுற்றி இருந்த மூன்று பேருக்கும் அது தெரியாது.

“எழுதுங்க சாப்,” என்றான்.

எட்டு வரியில் இருந்த ‘அசையவில்லை’ என்பதை அடித்தேன். கீழே பேனாவால் ஒன்பதாவது வரியை எழுதினேன். ‘ஒருமுறை மட்டும் சுடுவதற்காகப் பாதுகாப்பு விசையை விடுவித்தார், பிறகு சுடாமல் திரும்பப் பூட்டினார்.’ என் பன்னிரண்டு சொற்றொடரில் ஒன்றைக்கூட அதில் நுழைக்க இடம் கிடைக்கவில்லை. தேடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஹவில்தாரிடம் தாளைக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வந்தவர் ஒன்பதில் நின்றார்.

“இதை என்கிட்ட சொல்லலையேடா.”

“நீங்க பைனாகுலர்ல பாத்துக்கிட்டே இருந்தேன்னு சொன்னீங்களே அண்ணே. பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் என்னைத் திட்டாம இருக்கீங்கன்னு…”

“கிறுக்குப் பயலே,” என்றார் ஹவில்தார். குரல் அப்போதும் எழும்பவில்லை. மாதையன் பக்கம் பார்க்காமல் கொஞ்ச நேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சாப், எட்டு வரி நான் பாத்தது. ஒம்பதாவதை நான் பாக்கல. பாக்காததுக்கு நான் எப்படி சாட்சி போடுறது?”

மணி நாலே முக்கால். ஆறு மணிக்குக் கர்னல் மேசை. இந்த ஆளோடு வாதாடி ஜெயித்தவன் எவனும் இல்லை என்பது எனக்கு மத்தியானமே புல்லில் தெரிந்துவிட்டது. “நீங்களே சொல்லுங்க, என்ன செய்யலாம்?” என்றேன்.

அவர் பேனாவை வாங்கி, எட்டாவது வரிக்கும் ஒன்பதாவது வரிக்கும் நடுவில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே ஓரத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டிலோரத்தில் உட்கார்ந்து, தாளைத் தன் தொடையில் வைத்துப் பிடித்துக்கொண்டு, பேனாவை மாதையனிடம் நீட்டினார்.

“கீழ இருக்கறதுக்கு நீதான்டா சாட்சி. போடு.”

மாதையன் பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். ஒரு சிப்பாய் தன் சொந்தப் பரிந்துரையில் கையெழுத்துப் போட எந்த விதியும் இடம் தரவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் அப்படி ஒரு தாளை நான் பார்த்ததும் இல்லை. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

“ஊறுகாய் பாட்டிலை நகத்துங்க ஹவில்தார்,” என்றேன். “அவன் கை இடிக்குது.”

அவன் நிதானமாக, முழுப்பெயரையும், ஒரு எழுத்து விடாமல் எழுதினான்.